இருளர் பானையும் பாம்பின் நீளமும்

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் சந்திரகிரியை அடுத்த புதர்க்காடுகளிலும் சென்னைக்குத் தெற்கேயுள்ள கடலோர ஊர்களிலும் வாழ்பவை. இவற்றைப் பிடித்து வீட்டில் வளர்ப்பதற்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடந்தருவதில்லை. ஆகவே, அடைபட்ட பாம்புக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்னும் வினாவின் வரலாற்றை இப்பகுதியில் தேடுவோர் வடநெம்மேலிக்குத்தான் செல்லவேண்டும்.

அச்சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வணிகம் முடங்கியது; தலைமுறைகளாகப் பாம்பு பிடித்துவந்த இருளர்கள் பிழைப்பிழந்தனர். ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978இல் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் பதிவுபெற்றது. பாம்பைக் கொல்லாமல் நஞ்சை எடுத்து, நச்சுமுறி மருந்து செய்வோருக்கு விற்பது அதன் தொழில். அங்கே பாம்பின் உறைவிடம் மண்பானை. உள்ளே மணல், வாயை மூடிப் பருத்தித் துணி, அதைச் சுற்றிக் கயிறு. சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே ஈரம் ஆவியாவதால் பானை குளிர்ந்திருக்கும். துணி காற்றை விடும், வெளிச்சத்தைத் தணிக்கும். வெப்பம், இருள், காற்று மூன்றையும் இத்தனை குறைந்த செலவில் சீர்செய்யும் கலம் வேறொன்று கிடைப்பது அரிது. ஆயினும் ஒரு மீட்டருக்கு மேல் வளரும் நாகம் அதனுள் உடலை ஒருபோதும் நீட்ட இயலாது.

இக்குறை சிறியதன்று. சிற்றிடமே பாம்புக்கு அச்சம் போக்கும் என்பது மேலைநாட்டு வளர்ப்பாளரிடையே நெடுநாள் நிலவிய கருத்து. கிளிஃபர்ட் வார்விக்கும் உடனாய்வாளர்களும் 2019இல் அதை மறுத்தனர். அடைப்பிலுள்ள பாம்புகள் உடலை முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ நேராக நீட்டுகின்றன என்றும், அதற்கு இடமற்ற அடைப்பு நலத்துக்கு ஊறு என்றும் வாதிட்டனர். பழைய கருத்தில் பாதி உண்மை உண்டு. பாம்பு ஒடுங்கிய மறைவிடத்தை நாடுவது மெய். ஆனால் கறையான் புற்றிலிருந்து அது வேண்டும்போது வெளியேறலாம். மறைவிடத்தையே முழு அடைப்பாகக் கொண்டதுதான் பிழை.

இந்த அளவுகோலில் பானை தேறாது. அதற்கு நியாயம் உண்டெனில் அது கால அளவில் இருக்கிறது. ஏறத்தாழ மூன்று, நான்கு வாரங்களில் நான்கு முறை நஞ்செடுத்தபின் பாம்பு காட்டில் விடப்படவேண்டும் என்பது சங்கத்தின் நடைமுறை. விடுவிப்பு தள்ளிப்போகுமாயின் அதே பானை சிறையாகிவிடும். இழுப்பறை போன்ற அடுக்குப்பெட்டிகளில் விற்பனைக்காக வளர்க்கப்படும் பந்து மலைப்பாம்பு இருபது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. அங்கே பானையை முன்மாதிரியாகக் காட்டுவது பொருந்தா வாதம்.

விடுவிக்குமுன் வயிற்றுச் செதில்கள் சிலவற்றின் ஓரத்தை இருளர்கள் நறுக்கி அடையாளமிடுகின்றனர். விரைவிலேயே அப்பாம்பு மீண்டும் அகப்பட்டால், அடையாளத்தைப் பார்த்து அங்கேயே விட்டுவிடுகின்றனர். சில தோலுரிப்புகளுக்குப் பின் அந்த அடையாளம் மறைந்துவிடுகிறது.