ஒரே சாலை, இரண்டு விடுதிகள்

சாலையின் வரலாற்றை எழுதுவோர் கல்லையும் மண்ணையும் கணக்கிடுவர். அச்சாலையோரத்தில் கட்டிலில் படுத்தவன் எவன், தரையில் கிடந்தவன் எவன் என்று கேட்பதில்லை. நாம் கேட்கிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில், அதிபர் ஜெபர்சன் 1806இல் ஒப்பமிட்ட சட்டப்படி, மேற்கு நோக்கி அரசே பெருஞ்சாலை ஒன்று அமைத்தது. தேசியச் சாலை என்பது அதன் பெயர். 1811இல் மேரிலாந்தின் கம்பர்லாந்து நகரில் தொடங்கிய பணி, 1818இல் ஓகியோ ஆற்றங்கரையிலுள்ள வீலிங் நகரை எட்டியது. கோச்சு வண்டிகள் விரைந்தன. வழிநெடுக விடுதிகள் முளைத்தன.

உண்டு உறங்குவதற்கு மட்டுமா அவ்விடுதிகள்? களைத்த குதிரைகள் அங்கே மாற்றப்பட்டன. அஞ்சல் பைகள் இறங்கின. விஸ்கிக் கோப்பைகளுக்கிடையே அரசியல் பேசப்பட்டது. முன்பின் அறியாதார் ஒரே மேசையில் உண்டனர். இடம் போதாதபோது ஒரே கட்டிலில் உறங்கினர். இதுவன்றோ சமத்துவம் எனப் பூரிக்கத் தோன்றும்!

பூரிக்குமுன் அடுத்த கட்டடத்தையும் பார்ப்போம். கோச்சில் வருவோர்க்கு ஒரு விடுதி. பாரவண்டி ஓட்டுவோர்க்கு வேறு விடுதி. முன்னதில் கட்டில், பின்னதில் கணப்பைச் சுற்றித் தரையில் படுக்கை. நாட்டின் சரக்கைச் சுமந்து வந்தவனுக்குத் தரை. பயணக் கட்டணம் செலுத்தியவனுக்குக் கட்டில்!

அவனுக்கும் கீழே ஒருவன் இருந்தான். மேரிலாந்திலும், அன்று வர்ஜீனியாவைச் சேர்ந்திருந்த வீலிங்கிலும் அடிமை முறைக்குச் சட்டமே காவல் நின்றது. சாலை வந்து சேருமுன்பே, வீலிங் தெருக்களில் சங்கிலியிட்டு ஓட்டிச் செல்லப்பட்ட கறுப்பின மக்களைக் கண்டு உள்ளம் கொதித்தார், சேணத் தொழில் பயின்ற பெஞ்சமின் லண்டி எனும் இளைஞர். கண்டவர் பலர், கொதித்தவர் சிலர். அவர் கொதித்ததோடு நிற்கவில்லை. 1821இல் அடிமை ஒழிப்புக்கென்றே இதழ் தொடங்கினார்.

புகைவண்டி 1842இல் கம்பர்லாந்துக்கும், 1853இல் வீலிங்குக்கும் வந்தது. கோச்சு மறைந்தது, விடுதிகள் வெறிச்சோடின. பென்சில்வேனியாவின் மவுண்ட் வாஷிங்டன் விடுதி இன்று காட்சிக்கூடமாக நிற்கிறது.

இரும்புப் பாதை விடுதியை வென்றது. இரும்பு விலங்கை வெல்லவில்லை. அதற்குப் போர் வேண்டியிருந்தது. 1865இன் 13ஆம் சட்டத் திருத்தம் வேண்டியிருந்தது. பொறி வேகத்தைத் தரும். விடுதலையைத் தருவது மனிதனின் துணிவே. ஒரே மேசையைக் கண்டு மகிழ்வோம். ஆனால், அம்மேசையருகே வர எவனுக்கு இடமில்லை என்று கேட்ட பிறகே மகிழ்வோம்!