செல்ஃப் எடுக்கலை!

காலை எட்டரை மணி. ஆபீஸுக்கு அவசரம். காரில் ஏறிச் சாவியைத் திருப்புகிறீர்கள். ‘டக்!’ அவ்வளவுதான். இன்னொரு தடவை... மறுபடியும் ‘டக்!’

மெக்கானிக் வருகிறார். பானெட்டைத் தூக்குகிறார். ஒரே ஒரு பார்வை. “பேட்டரி போச்சு சார். மாத்திடலாம்.” மாற்றுகிறீர்கள். இரண்டு நாள் ஓடுகிறது. மூன்றாம் நாள் காலை... ‘டக்!’

“அப்ப செல்ஃப் மோட்டார்தான் சார். அதையும் மாத்திடலாம்!”

இரண்டும் புதுச் சாமான். வியாதி மட்டும் பழசு!

மெக்கானிக் உங்களை ஏமாற்றினாரா? அநேகமாக இல்லை. பாவம், அவருக்குத் தெரியவில்லை. தேய்ந்த பிரேக்கைக் கண்ணால் பார்க்கலாம். ஆயில் ஒழுகினால் தரை காட்டிக்கொடுக்கும். கரண்ட் ஒழுகினால்? எதுவும் தெரியாது. தெரியாததால் யூகிக்கிறார். யூகத்துக்குப் பணம் கொடுப்பவர் நீங்கள்.

இந்த யூக வைத்தியத்துக்கு ஒரு முடிவு கட்ட, அமெரிக்காவில் 1972-ல் ஒரு பரீட்சை முறையே பிறந்தது. அதில் காரின் மின்சாரத்துக்கென்றே ஒரு தனித் தாள் உண்டு. ‘வயர், ஃப்யூஸ், பல்பு... இதில் படிக்க என்ன இருக்கிறது?’ என்று நினைக்க வேண்டாம். அந்தப் பாடத்தின் ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது.

முதல் பக்கத்தில் ஒரு பெண்மணி. 1888-ம் வருஷம் ஆகஸ்ட் மாதம், ஜெர்மனியில் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமலே அவர் செய்த மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு பையன்களுடன் மேன்ஹைமிலிருந்து கிளம்பிவிட்டார். சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருந்த பிஃபோர்ட்ஸ்ஹைம் ஊரில் அவருடைய அம்மா வீடு. வழியில் இக்னிஷன் வயர் தேய்ந்து மேலுறை போய்விட்டது. பெர்த்தா தன் காலுறைப் பட்டையைக் கழற்றி அந்த வயர்மேல் சுற்றினார், வண்டி கிளம்பியது என்று சொல்வார்கள். உலகின் முதல் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பட்டத்தை அந்த அம்மாளுக்கே கொடுத்துவிடலாம்!

அன்றைக்குக் காரில் மின்சாரத்துக்கு இருந்தது ஒரே வேலைதான். பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க ஒரு பொறி. 1902-ல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனியில் காட்லோப் ஹொனோல்ட் என்ற இன்ஜினீயர், மேக்னெட்டோவையும் ஸ்பார்க் பிளக்கையும் ஜோடி சேர்த்து, உயர் அழுத்த மின்சாரத்தில் அந்தப் பொறியை நம்பகமானதாக்கினார். ஆனால் விளக்கு? கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டவைத்து, வரும் வாயுவைக் கொளுத்த வேண்டும். இன்ஜினைக் கிளப்ப? ஹேண்டில்தான்!

ஹேண்டில் போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. சுற்றுவதற்கு முன்னால் ஒரு நெம்பைத் தள்ளி, பொறி விழும் நேரத்தைத் தாமதப்படுத்த வேண்டும். மறந்தால் தொலைந்தது. இன்ஜின் முந்திக்கொண்டு வெடித்து ஹேண்டிலைப் பின்பக்கமாக உதறும். மணிக்கட்டு உடைந்தவர்கள் ஏராளம். தாடை உடைந்தவர்களும் உண்டு.

இங்கேதான் ஆட்டோமொபைல் சரித்திரத்தின் மிகப் பிரபலமான கதை வருகிறது. 1910-ம் வருஷக் குளிர்காலம். டெட்ராய்ட் அருகே பெல் ஐல் தீவின் பாலத்தில் ஒரு பெண்மணியின் கெடிலாக் கார் நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் வந்த பைரன் கார்ட்டர் என்பவர் உதவிக்கு இறங்கி ஹேண்டில் போடுகிறார். அது உதறி, தாடையில் அடித்து, அந்தக் காயத்தால் அவர் இறந்துபோகிறார். கார்ட்டர் யார்? அவரும் ஒரு கார் தயாரிப்பாளர். கெடிலாக் கம்பெனியின் தலைவர் ஹென்றி லேலண்டுக்கு நண்பர். ‘என் கார் என் நண்பனைக் கொன்றுவிட்டதே!’ என்று கலங்கிய லேலண்ட், ஹேண்டிலை ஒழிக்க சார்லஸ் கெட்டரிங்கைக் கூப்பிடுகிறார்...

உருக்கமான கதை. இதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். கடைசியில் சோதித்துப் பார்ப்போம்.

கெட்டரிங் 1876-ல் ஒஹையோவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கண் பார்வைக் கோளாறால் கல்லூரிப் படிப்பு பாதியில் நின்று, டெலிபோன் லைன்மேனாக வேலை பார்த்து, மறுபடி போய்ப் படித்து 1904-ல் இன்ஜினீயர் ஆனார். டேட்டன் நகரில் கேஷ் ரிஜிஸ்டர் செய்யும் கம்பெனியில் சேர்ந்தார். கல்லாப்பெட்டியைக் கையால் சுற்றித் திறந்த காலம் அது. கெட்டரிங் அதில் ஒரு சின்ன மின்மோட்டாரை வைத்தார்.

கார் இன்ஜினை மோட்டாரால் சுற்றலாம் என்றபோது, “அதுக்கு இன்ஜின் அளவுக்கே மோட்டார் வேணுமே!” என்றார்கள் விஷயம் தெரிந்தவர்கள். கணக்குப்படி அது சரியும்கூட. ஆனால் கல்லாப்பெட்டி மோட்டார் கெட்டரிங்குக்கு வேறு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தது. ஒரு நிமிஷம்கூட வேலை இல்லை. சில விநாடிகள் மட்டும்தான். அந்தச் சில விநாடிகளுக்குச் சின்ன மோட்டார்மீது சக்திக்கு மீறிய சுமையை ஏற்றலாம். அது சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும்!

1911 பிப்ரவரியில் கெடிலாக் காரில் அதை ஓட்டிக் காட்டினார். 1912 மாடல் கெடிலாக் ஹேண்டில் தேவையில்லாத காராக விற்பனைக்கு வந்தது. ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்று பெயர். அதைத்தான் நம் ஊர் மெக்கானிக்குகள் சுருக்கி ‘செல்ஃப்’ ஆக்கிவிட்டார்கள். “செல்ஃப் எடுக்கலை” என்று நீங்கள் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் கெட்டரிங்கைத்தான் நினைக்கிறீர்கள்!

அந்தக் காரில் ஒரே இயந்திரம் இரண்டு வேஷம் போட்டது. 24 வோல்ட்டில் மோட்டாராக இன்ஜினைச் சுற்றும். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் டைனமோவாக மாறி, பேட்டரியை 6 வோல்ட்டில் சார்ஜ் செய்யும். விளக்கும் மின்சாரத்திலேயே எரிந்தது.

கவனித்தீர்களா? அதுவரை காரில் இருந்தது ஒரு பொறி. இப்போது இருப்பது ஒரு வட்டம். பேட்டரி ஸ்டார்ட்டரைச் சுற்றுகிறது. ஸ்டார்ட்டர் இன்ஜினை. இன்ஜின் டைனமோவை. டைனமோ மறுபடி பேட்டரியை நிரப்புகிறது. டைனமோ படுத்தால் பேட்டரி காலியாகும், பழி பேட்டரிமேல் விழும். நோய் ஓரிடம், வலி வேறிடம்! நேற்றுவரை குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டும், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டும் இருந்து கார் மெக்கானிக் ஆனவர்கள் கையில் இந்த வட்டத்தைக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

அதோடு விட்டார்களா! 1950-களில் இன்ஜின்கள் பெரிதாயின. சுற்றுவதற்கு அதிக சக்தி வேண்டியிருந்தது. வோல்ட்டை இரட்டிப்பாக்கினால் அதே சக்திக்குப் பாதி ஆம்பியர் போதும், வயரும் மெலிசாக இருக்கலாம். அதனால் 1953-லிருந்து 1956-க்குள் அமெரிக்கக் கார்கள் வரிசையாக 6 வோல்ட்டிலிருந்து 12-க்கு மாறின. 1960-ல் க்ரைஸ்லர் கம்பெனியின் வேலியன்ட் காரில் டைனமோவுக்குப் பதில் ஆல்ட்டர்னேட்டர் வந்தது. டைனமோவின் பெரிய பலவீனம், வண்டி சிக்னலில் நிற்கும்போது சார்ஜ் பண்ணாது என்பது. ஆல்ட்டர்னேட்டர் அப்போதும் பண்ணும்.

கார் இப்படி வளர்ந்துகொண்டே போனது. மெக்கானிக்கின் படிப்பு? அநேகருக்கு அது ‘பக்கத்தில் நின்று பார்த்தது’தான். 1968-ல் அமெரிக்க செனட்டின் ஒரு துணைக் கமிட்டி, கார் ரிப்பேர் தொழிலைப் பற்றி விசாரணை தொடங்கியது. தலைமை தாங்கியவர் செனட்டர் ஃபிலிப் ஹார்ட். எந்த மாநிலத்துக்காரர் தெரியுமா? மிச்சிகன்! டெட்ராய்ட் இருக்கும் அதே மிச்சிகன். வேண்டாத ரிப்பேர், சரியாகாத ரிப்பேர், மாற்றத் தேவையில்லாத சாமானுக்கு பில்... புகார்கள் குவிந்தன.

‘முடி வெட்டுபவருக்குக்கூட லைசென்ஸ் கேட்கிறோம். உயிரைச் சுமக்கும் வண்டியை ரிப்பேர் செய்பவருக்கு ஒன்றுமே வேண்டாமா?’ என்ற கேள்வி எழுந்தது. அரசாங்கம் தலையிடுவதற்கு முன் தொழில்துறையே முந்திக்கொண்டது. 1972-ல் லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு உருவானது. இன்று ‘ஏ.எஸ்.இ.’ என்று அழைக்கிறார்கள். தேர்வு கட்டாயமில்லை, விரும்பினால் எழுதலாம். பாஸ் பண்ணினால் மட்டும் போதாது, தொழில் அனுபவமும் வேண்டும். சான்றிதழின் ஆயுள் ஐந்து வருஷம். அதற்குப் பிறகு மறுபடி நிரூபிக்க வேண்டும். கார்களுக்கான முக்கியமான எட்டுத் தாள்களில் ஆறாவது, மின்சாரமும் எலெக்ட்ரானிக்ஸும். மிச்சிகன் மாநிலம் ஒரு படி மேலே போய், 1974-ல் மெக்கானிக்குகளுக்குச் சான்றிதழைச் சட்டமாகவே கொண்டுவந்தது.

இந்தத் தேர்வின் கேள்விகளில் இரண்டு பேர் அடிக்கடி வருவார்கள். பெயர் கிடையாது. டெக்னீஷியன் ஏ, டெக்னீஷியன் பி. ஆளுக்கொன்று சொல்வார்கள். யார் சொல்வது சரி? ஏ மட்டுமா, பி மட்டுமா, இரண்டு பேருமா, இரண்டு பேரும் இல்லையா? மாதிரிக்கு நாமே ஒன்று போட்டுப் பார்ப்போம்.

வண்டியில் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுகிறது. பேட்டரியைச் சோதித்தாயிற்று, நன்றாக இருக்கிறது. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிளின் ரெசிஸ்டன்ஸை மல்ட்டிமீட்டரில் அளந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டுகிறது.

டெக்னீஷியன் ஏ: “கேபிள் நல்லாத்தான் இருக்கு. ஸ்டார்ட்டரை மாத்திட வேண்டியதுதான்.”

டெக்னீஷியன் பி: “இருப்பா, அவசரப்படாதே! ஸ்டார்ட்டர் சுத்திக்கிட்டு இருக்கும்போதே, கேபிளோட இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவுல எத்தனை வோல்ட் விழுதுன்னு பார்க்கணும்.”

யார் சொல்வது சரி?

விடைக்கு 1827-க்குப் போக வேண்டும். ஜெர்மனியில் கியோர்க் ஓம் என்ற பள்ளிக்கூட ஆசிரியர் அந்த வருஷம் ஒரு புத்தகம் வெளியிட்டார். அன்றைக்கு அவருடைய ஊரிலேயே அதைப் பெரிதாக மதிக்கவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841-ல் பதக்கம் கொடுத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அவர் சொன்னது ஒரே வரி. ஆம்பியரை ஓமால் பெருக்கினால் வோல்ட்.

இப்போது கணக்குப் போடுங்கள். கேபிள் உள்ளே அரித்துப்போய், நூறில் ஒரு பங்கு ஓம் ரெசிஸ்டன்ஸ் ஏறியிருக்கிறது. சாதாரண மீட்டருக்கு அது பூஜ்யம் மாதிரிதான். ஏனென்றால் மீட்டர் அனுப்பிப் பார்ப்பது துளியூண்டு கரண்ட். ஆனால் ஸ்டார்ட்டர் இழுப்பது 200 ஆம்பியர்! பெருக்கினால் 2 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரியில் இருப்பதே 12.6 வோல்ட்தான். அதில் 2 வோல்ட்டைக் கேபிளே சாப்பிட்டுவிட்டால் ஸ்டார்ட்டர் எப்படிச் சுற்றும்? அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்தாலே கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். ஆகவே, பி மட்டும் சரி.

சும்மா இருக்கும்போது எல்லோரும் நல்லவர்கள்தான். சுமை ஏறும்போதுதான் யார் எப்படி என்று தெரியும்! மனுஷனுக்கும் இதுதான், கேபிளுக்கும் இதுதான்.

உங்கள் காரிலும் அநேகமாக இதுதான் நடந்தது. பச்சை பூத்த ஓர் எர்த் வயர். பேட்டரி மாற்றும்போது கழற்றி மாட்டியதில் கொஞ்சம் பிடிமானம் கிடைத்து இரண்டு நாள் ஓடியது. அவ்வளவே. ஓமின் ஒரு வரி தெரிந்திருந்தால் ஒரு பேட்டரியும் ஒரு மோட்டாரும் மிச்சம்!

“இதெல்லாம் அந்தக் காலம். இப்பதான் கம்ப்யூட்டரே சொல்லிடுதே?” என்பீர்கள். புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமெரிக்காவில் 1970-ல் கடுமையானது. அதைச் சமாளிக்கக் காருக்குள் கம்ப்யூட்டர் வந்தது. 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் கோளாறுக்கு ஒரே மாதிரி எண் காட்ட வேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்த எண் சொல்வது, ‘இந்தப் பக்கம் எங்கேயோ தப்பு’ என்பதை மட்டும்தான். ‘இந்தச் சாமானை மாற்று’ என்று அது சொல்வதே இல்லை. எண்ணைப் பார்த்தவுடன் சென்சரை மாற்றுகிறவர், பானெட்டைப் பார்த்தவுடன் பேட்டரியை மாற்றியவரின் வாரிசு!

சரி, ஓரமாக வைத்த கதைக்கு வருவோம். அதன்மேலும் கொஞ்சம் சுமை ஏற்றிப் பார்ப்போமே.

பைரன் கார்ட்டர் இறந்தது 1908 ஏப்ரலில், நிமோனியாவில். அப்புறம் 1910-ல் பாலத்தில் ஹேண்டில் போட்டது யார்? ‘சரி, சம்பவம் 1908-க்கு முன்பே நடந்ததாக வைத்துக்கொள்வோம்’ என்றால், அப்போது கெட்டரிங் கல்லாப்பெட்டிக் கம்பெனியில்தான் இருந்தார். அவர் அங்கிருந்து விலகியதே 1909-ல். ஸ்டார்ட்டரை ஓட்டிக் காட்டியது 1911-ல். நண்பன் செத்தான், உடனே ஸ்டார்ட்டர் பிறந்தது என்ற கதை, தேதியின் பாரத்தைத் தாங்கவில்லை. ஆனால் ஹேண்டில் கைகளை உடைத்ததும், லேலண்ட் அதை ஒழிக்க நினைத்ததும் நிஜம். கதையில் உருக்கத்துக்காகச் சேர்த்த இடத்தில்தான் வோல்ட் விழுகிறது!

ஒரு பரீட்சை யாரையும் நேர்மையானவராக ஆக்கிவிடாது. அதற்குத் தாள் கிடையாது. ஆனால், ‘எனக்குத் தோணுது’ என்பதற்கும் ‘அளந்து பார்த்தேன்’ என்பதற்கும் உள்ள தூரத்தை அது கற்றுக்கொடுக்கிறது.

அடுத்த தடவை செல்ஃப் எடுக்காமல், மெக்கானிக் வந்து “மாத்திடலாம் சார்” என்றால், சண்டை போடாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

“அளந்து பார்த்தீங்களாண்ணே?”