தாமதத்தை யார் சுமப்பது?

ஒன்லைன் கேம் விளையாடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் "லேக் அடிக்குது" என்ற சத்தம் நமக்கெல்லாம் பழகிப்போனது. ஏச்சு முழுக்க ரவுட்டருக்குத்தான் விழும். இந்த லேக்கோடு கேம் செய்தவர்கள் முப்பது வருடமாக மல்லுக்கட்டிய கதையை இன்று கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 200,000 கிலோமீற்றர் செல்லும். கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். அங்குள்ள சேர்வருக்குப் போய்த் திரும்பக் குறைந்தது 27 மில்லிசெக்கன் தேவை. எவ்வளவு காசு கட்டினாலும் இது குறையாது. அந்தத் தாமதத்தை யார் தலையில் வைப்பது என்பதை மட்டுமே கேம் செய்பவர் தீர்மானிக்கலாம்.

1993 டிசெம்பரில் வந்த டூம், நான்கு பேர் வரை சேர்ந்து விளையாடக்கூடியது. ஒவ்வொரு கணினியும் அதே ஆட்டத்தைத் தானே ஓட்டும். யார் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பது மட்டும் பரிமாறப்படும். நால்வரின் தகவலும் வந்தால்தான் ஆட்டம் நகரும். ஒருவரின் இணைப்பு மெதுவானால் எல்லோரும் காத்திருக்க வேண்டும். ஒரே கட்டடத்துக்குள் இது பெரிய சுமையல்ல.

1996இல் அதே கம்பனியின் குவேக் வந்தது. இதில் நடுவர் போல ஒரு சேர்வர். அது சொல்வதே தீர்ப்பு. ஆனால் தொலைபேசி மோடமில் விளையாடியவர் பொத்தானை அழுத்தினால், சேர்வரிடமிருந்து பதில் வரும்வரை அவரது வீரன் அசையமாட்டான். இதை எழுதிய ஜோன் கார்மக்கின் வீட்டிலோ வேகமான தனி இணைப்பு இருந்தது. மோடம்காரரின் கஷ்டம் தனக்குத் தெரியவில்லை, தன் அடிப்படை எடுகோளே பிழை என்று அந்த ஓகஸ்டிலேயே அவர் பகிரங்கமாக எழுதினார். டிசெம்பரில் குவேக்வேர்ல்ட் வந்தது. நமது வீரனை நமது கணினியே உடனே நகர்த்தும். சேர்வர் வேறு மாதிரிச் சொன்னால் பிறகு திருத்திக்கொள்ளும்.

1997இல் ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் டூமின் வழிக்கே திரும்பியது. எட்டுப் பேர், நூற்றுக்கணக்கான படைவீரர்கள், ஆனால் 28.8 கிலோபிட் மோடம். ஒவ்வொரு வீரனும் நிற்கும் இடத்தை அதில் அனுப்ப முடியாது. கட்டளையை மட்டும் அனுப்பலாம். இன்று இட்ட கட்டளை இரண்டு முறை கழித்தே எல்லாக் கணினியிலும் ஒன்றாக நிறைவேறும். கால் செக்கன் தாமதத்தை ஆட்டக்காரர் கவனிப்பதே இல்லை, வேகம் மாறி மாறி வருவதுதான் எரிச்சலூட்டுகிறது என்று அவர்கள் கண்டறிந்தார்கள். ஆனால் ஒரு கணினியில் ஒரு மான் இம்மியளவு விலகி நின்றாலும், சில நிமிடங்களில் வேடனின் ஈட்டி தவறி, இரண்டு கணினிகளும் இரண்டு வேறு உலகங்களாகிவிடும்.

2001இல் வால்வ் கம்பனியின் யான் பெர்னியர் இன்னொரு வழியை விளக்கி எழுதினார். சுட்டவர் திரையில் அந்தக் கணம் என்ன தெரிந்தது என்று சேர்வர் பின்னோக்கிப் பார்த்துத் தீர்ப்பளிக்கும். சுடுபவருக்கு நியாயம். சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் செத்துப்போகிறவரோ கத்துவார். சுமை அவர் தலைக்கு மாறிவிட்டது.

சண்டை கேம்களுக்காக டோனி கெனன் 2006இல் ஜிஜிபிஓவை வெளியிட்டார். எதிராளி என்ன அழுத்துவார் என்று கணினி ஊகித்து ஓடும். ஊகம் பிழைத்தால் பின்னே போய்த் திருத்தி மீண்டும் ஓடும். சுமையைக் கணினியே ஏற்கிறது, திரை இடைக்கிடை துள்ளும். 2019இல் அதன் நிரலை எவரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள்.

ஆயிரம் வீரர் உள்ள போருக்குக் கட்டளை மட்டும் அனுப்பும் வழி, துப்பாக்கி ஆட்டத்துக்கு சேர்வர், இருவர் சண்டைக்கு ஊகம். எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே வழி இன்றுவரை இல்லை.

ஐசிடி படிக்கும் நம் பிள்ளைகளில் நாளை கேம் செய்யப்போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். நீங்கள் செய்ததை உங்கள் வீட்டு ஃபைபரில் மட்டும் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் ஊரிலிருந்து விளையாடும் பிள்ளையையும் நினைத்து வழியைத் தேர்ந்தெடுங்கள்.