கழுவிய மண்ணில் கிடைத்த தானியம்: தென்னிந்தியப் புதிய கற்கால வேளாண்மை ஆய்வின் வளர்ச்சி

தென்னிந்தியாவில் மனிதன் எப்போது பயிரிடத் தொடங்கினான் என்பதற்கு நெடுங்காலம் கற்களே சாட்சியாக இருந்தன. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட், பின்னர் பல்லாரியை அடுத்த குப்கல் குன்றுகளில் மெருகேற்றிய கற்கோடரிகளைத் திரட்டினார். அவருடைய சேகரிப்பு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் அரைகற்களும் நிறையக் கிடைத்தன. அவற்றில் அரைபட்டது எது? விடை கிடைக்க நூறாண்டுக்கும் மேலாயிற்று. அகழ்ந்தவர்கள் கருவிகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மண்ணைக் கொட்டிவிட்டதே இத்தாமதத்துக்கு முதற்காரணம் என்பது என் வாதம்.

அப்பகுதியில் கண்ணை முதலில் ஈர்ப்பவை சாம்பல் மேடுகள். அசுரன் ஒருவன் எரிந்த சாம்பல் என்று ஊரார் சொன்ன கதையைப் படை அதிகாரி நியூபோல்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். எரிமலைக் கழிவு, உலைக் கசடு என்றெல்லாம் ஊகங்கள் எழுந்தன. மாட்டுச்சாணம் எரிந்த சாம்பல் என்று ஃபூட் கருதியதை எஃப். இ. சாய்னரின் ஆய்வகச் சோதனை பிற்காலத்தில் உறுதி செய்தது. 1957இல் உட்னூரில் அகழ்ந்த தொல்லியலாளர் ரேமண்ட் ஆல்சின், பட்டியைச் சூழ நட்ட கம்பங்களின் குழிகளையும் மாட்டுக் குளம்புத் தடங்களையும் கண்டார். 1963இல் வெளிவந்த அவருடைய நூல் அப்புதிய கற்கால மக்களை மாடு வளர்ப்போராகவே நிலைநிறுத்தியது. அருமையான ஆய்வுதான். ஆனால் மந்தை முன்னே நின்றதால் வயல் மறைந்துபோனது.

1990களின் பிற்பகுதியில் தொல்தாவரவியலாளர் டோரியன் ஃபுல்லர், தார்வாட் கர்நாடகப் பல்கலைக்கழகத்தின் ரவி கொரிசெட்டர் முதலியோருடன் சேர்ந்து, அதே வட்டாரத்துப் பழைய ஊர்களின் மண்ணை அடுக்கு அடுக்காக எடுத்து நீரில் கரைத்தார். கருகிய விதை மண்ணைவிட இலேசானது. கலக்கினால் மேலே மிதக்கும். அதை நுண்சல்லடையில் வடித்து, உலர்த்தி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பெருஞ்செலவில்லாத இந்த வேலைதான் கேள்வியையே மாற்றியது.

ஊருக்கு ஊர் நான்கு பயிர்கள் திரும்பத் திரும்ப வந்தன: கொள்ளு, பாசிப்பயறு, கன்னடத்தில் கொரலெ எனப்படும் சிறுதானியம், தினைக்கு உறவான, ஆடையில் ஒட்டிக்கொள்ளும் கதிருடைய ஒரு புல். நான்கும் மழைக்காலத்தில் விளைபவை. சிந்துவெளியின் கோதுமையும் பார்லியும் சில இடங்களில் மட்டுமே கிடைத்தன. குளிர்காலப் பயிர்களான அவற்றை வறண்ட தக்காணத்தில் வளர்ப்பது எளிதன்று. காட்டுப் பாசிப்பயறு மலைக்காட்டோரங்களிலும், காட்டுக்கொள்ளு வறண்ட புதர்நிலத்திலும் வளர்பவை. வேட்டையாடியும் விதை சேகரித்தும் வாழ்ந்தவர்களுக்கு ஏற்கெனவே பழகிய செடிகள்தாம் கி.மு. மூன்றாம் ஆயிரத்தில் பயிராயின என்ற ஃபுல்லரின் முடிவு எனக்கு வலுவாகப்படுகிறது. அதற்காக இதை முற்றிலும் தனித்த தோற்றம் என்று கொண்டாடுவது சரியாகாது. செம்மறியாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் இங்கே காட்டு மூதாதை இல்லை. அவை வடமேற்கிலிருந்து வந்தவை. ஆட்டு மந்தை வெளியிலிருந்து வந்தது, விதை உள்ளூரில் எழுந்தது. இரண்டும் சேர்ந்த வாழ்க்கை இது.

பாசிப்பயற்றின் விதை உடனே பருக்கவில்லை என்பது இன்னும் முக்கியமானது. பயிரிடத் தொடங்கி ஆயிரம் ஆண்டுக்கும் மேலான பிறகே விதையளவு தெளிவாகக் கூடியது. ஆகவே, விதை பெரிதாக இல்லை என்பதை மட்டும் வைத்து அது காட்டிலிருந்து பறித்தது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. எத்தனை இடங்களில் வருகிறது, எந்தப் பயிருடன் சேர்ந்து வருகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

கருவிகளும் இப்போது புதிய பொருள் பெறுகின்றன. பல்லாரியை அடுத்த சங்கனகல்லு குன்றுத்தொகுதியின் ஹிரேகுட்டாவில், கி.மு. இரண்டாம் ஆயிரத்தில், டோலரைட் பாறையை உடைத்துக் கோடரிகளைப் பெருமளவில் செய்தார்கள். மாட்டின் உருவங்களைப் பாறையில் கொத்தியவர்களும் இந்த வட்டாரத்தாரே. அக்குன்றுகளைக் கல்குவாரிகள் தின்றுவருவது வேதனை தருகிறது. உடைந்த பாறையோடு, இன்னும் கழுவிப் பார்க்காத மண்ணும் போய்விடுகிறது.

கி.மு. இரண்டாம் ஆயிரத்தின் நடுவில் ஆப்பிரிக்கப் பயிர்களான அவரையும் கம்பும் தக்காணத்துக்கு வந்து சேர்ந்தன. அவையும் மழைக்காலப் பயிர்களே. கோதுமைக்குக் கிட்டாத இடம் அவற்றுக்குக் கிட்டியது, கொள்ளும் பயறும் ஏற்கெனவே விளைந்த அதே பருவத்தில், அதே நிலத்தில்.