திரையில் ஒலித்த ஜாஸ் – 5: இரண்டு எதிரிகள், ஒரே ஊர்

சென்ற வாரம்: ஹிட்லரை எதிர்த்த பாதிரியார் எர்ன்ஸ்ட் பேரெண்ட் 1942இல் டாக்காவ் வதைமுகாமில் உயிர்விட்டார். அவரைக் கொன்ற ஆட்சியின் சீருடையை அணிந்து கிழக்குப் போர்முனைக்குப் போனார் அவருடைய மகன் யோவாகிம் எர்ன்ஸ்ட் பேரெண்ட். அந்த மகன் என்ன ஆனார்?

பிழைத்து வந்தார். 1945இல் ஜெர்மனியின் தென்மேற்கு மூலை பிரெஞ்சுப் படையிடம் இருந்தது. அங்கே பாடன்-பாடன் நகரில் 'ஸூட்வெஸ்ட்ஃபுங்க்' என்ற வானொலி நிலையம் பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் 23 வயது பேரெண்ட்டும் ஒருவர். கறுப்பரும் யூதரும் கொண்டுவந்த சீரழிவு என்று நாஜிகள் வசைபாடிய ஜாஸ் இசையைத்தான் அவர் கையில் எடுத்தார். 1953இல் அவர் எழுதிய 'தாஸ் யாஸ்புக்' பல மொழிகளில் லட்சக்கணக்கில் விற்றது.

அதே ஆண்டு எதிரி வந்தார். சாதாரண எதிரி அல்ல. பிராங்க்ஃபர்ட்டின் பெரிய தத்துவ அறிஞர் தியோடர் அடோர்னோ. நாஜிகளால் துரத்தப்பட்டு, அமெரிக்காவில் அகதியாக வாழ்ந்து, 1949இல் ஊர் திரும்பியவர். ஆனாலும் ஜாஸ் என்றால் அவருக்கு ஆகாது. அதில் சுதந்திரம் என்று கொண்டாடப்படுவதெல்லாம் வெறும் தோற்றம், அச்சில் வார்த்த வியாபாரச் சரக்கு என்று 'மெர்க்குர்' இதழில் எழுதினார். அது கலைதான் என்று அதே இதழில் பதில் கொடுத்தார் பேரெண்ட். ஒரே கொடுங்கோலால் காயம்பட்ட இருவர், இசைக்காக நேருக்கு நேர்.

அடோர்னோவோடு வாதத்தில் மோதி வெல்வது யாருக்குமே கடினம். பேரெண்ட்டிடமோ அடோர்னோவிடம் இல்லாத ஒன்று இருந்தது: தொலைக்காட்சி.

1950களின் நடுவில் பாடன்-பாடனிலிருந்து 'ஜாஸ் – கேட்டதும் கண்டதும்' என்று பொருள்படும் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. நிகழ்ச்சியின் மூளை பேரெண்ட். கேமராக்களை இயக்கியவர் ஹோர்ஸ்ட் லிப்மன். 1927இல் ஐசனாக்கில் பிறந்து, பிராங்க்ஃபர்ட்டில் வளர்ந்த டிரம்ஸ் கலைஞர். பதின்வயதிலேயே ஜாஸ் பைத்தியம். அதற்காகவே கெஸ்டபோவின் பிடியில் சிக்கி மீண்டவர். பிராங்க்ஃபர்ட்டில் இன்றும் நடக்கும் ஜாஸ் விழாவை 1953இல் தொடங்கியவரும் அவர்தான். மேடை ஏற்பாடு, விளம்பரம், டிரம்ஸ் எல்லாம் தெரிந்தவருக்கு இயக்குநர் நாற்காலி புதிது. ஆனால் தனி வாசிப்பு எந்த இடத்தில் யாரிடம் கைமாறும் என்பது தாளக்காரருக்குத் தெரியாதா? கேமரா எப்போது யாரிடம் போக வேண்டும் என்பதும் அதே கணக்குதானே!

1962இல் லிப்மன், தன் கூட்டாளி ஃபிரிட்ஸ் ரவ்வோடு சேர்ந்து அடுத்த துணிச்சலில் இறங்கினார். ஜான் லீ ஹூக்கர், டி-போன் வாக்கர், மெம்ஃபிஸ் ஸ்லிம், வில்லி டிக்சன் என்று அமெரிக்கக் கறுப்பின ப்ளூஸ் கலைஞர்களை ஒரே குழுவாக ஐரோப்பாவுக்கு வரவழைத்தார். சொந்த நாட்டுத் தொலைக்காட்சியில் அநேகமாக இடமே கிடைக்காதவர்கள் அவர்கள். பாடன்-பாடன் ஸ்டூடியோ அவர்களுக்காகக் காத்திருந்தது.

அந்தக் கறுப்பு வெள்ளைப் பதிவுகளை இன்றும் பார்க்கலாம். 1963ஆம் ஆண்டின் ஒரு காட்சி. ஹார்மோனிகாக்காரர் ஸோனி பாய் வில்லியம்சன் முன்னால் வந்து, மூத்த கலைஞர் லோனி ஜான்சனை அறிமுகம் செய்துவைக்கிறார். சபையில் பெரியவரை மேடைக்கு அழைக்கும் அதே மரியாதை. பிறகு ஜான்சன் கிடாரைத் தொடுகிறார். கேமரா பரபரக்காமல் அவர் விரலையும் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு கலைஞனை இப்படி நிதானமாகப் பார்த்த பிறகு, இது வெறும் சரக்கு என்று சொல்ல யாருக்கு நா எழும்? நம் சென்னைக்குத் தொலைக்காட்சி நிலையம் வர அப்போது இன்னும் 12 ஆண்டுகள் இருந்தன.

1962 அக்டோபரில் அந்தக் குழு இங்கிலாந்தின் மான்செஸ்டரிலும் மேடையேறியது. லண்டனிலிருந்து அதைப் பார்க்கப் போன இளைஞர்களில் மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ், பிரையன் ஜோன்ஸ், ஜிம்மி பேஜ் ஆகியோரும் உண்டு. அவர்களில் முதல் மூவரின் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்ன ஆனது என்பது உங்களுக்கே தெரியும்.

இனி தலைப்பில் சொன்ன அந்த ஊர்: டார்ம்ஸ்டாட். பிராங்க்ஃபர்ட்டுக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர். 1944 செப்டம்பர் 11 இரவு பிரிட்டிஷ் குண்டுவீச்சில் நகரின் நடுப்பகுதி எரிந்து சாம்பலானது. இடிபாடு அகலும் முன்பே, 1946இல், வோல்ஃப்காங் ஷ்டைனெக்கே என்பவர் அங்கே நவீன இசைக்குக் கோடைகால வகுப்புகளைத் தொடங்கிவிட்டார். ஷ்டோக்ஹவுசன், பூலேஸ், நோனோ என்று இசையமைப்பாளர்கள் எல்லாரும் கூடிய இடம். 1958இல் ஜான் கேஜ் வந்து எல்லாரையும் அதிரவைத்த இடம். அங்கே 1950களிலும் 1961இலும் மேடையேறி முழங்கிய அறிஞர் யார் தெரியுமா? நம் அடோர்னோதான். டார்ம்ஸ்டாட் அவருடைய கோட்டை.

அடோர்னோ 1969இல் காலமானார். 14 ஆண்டுகள் கழிந்தன. 1983இல் பேரெண்ட் தன் வாழ்நாள் சேமிப்பான இசைத்தட்டுகள், புத்தகங்கள், இதழ்களை விற்றார். வாங்கியது டார்ம்ஸ்டாட் நகராட்சி! அதை அடித்தளமாக வைத்து 1990இல் நகரம் ஜாஸ் ஆய்வு நிறுவனத்தையே திறந்தது. இன்று ஐரோப்பாவின் மிகப் பெரிய பொது ஜாஸ் ஆவணக்காப்பகங்களில் அதுவும் ஒன்று. லிப்மன், ரவ் இருவர் பெயரிலும் உள்ள ஆவணக்காப்பகம் லிப்மன் பிறந்த ஐசனாக்கில் இருக்கிறது. 'மெர்க்குர்' விவாதத்தில் யார் வென்றார் என்று பேராசிரியர்கள் இன்னும் பேசிக்கொள்ளட்டும். அடோர்னோவின் கோட்டையில் வரிப்பணம் போட்டு ஜாஸுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் அதுதான் தீர்ப்பு.

ஆனால் ஒரு முடிச்சு பாக்கி. ஆயுள் முழுக்கச் சேர்த்ததைக் கைமாற்றிவிட்ட அதே 1983இல் பேரெண்ட்டின் புதிய புத்தகம் கடைக்கு வந்தது. தலைப்பில் ஜாஸ் இல்லை. 'நாத பிரம்மா' என்று இருந்தது. பெர்லின் பாதிரியார் மகனுக்கு நாதப் பிரம்மம் எங்கே கிடைத்தது? விடை 1967இல், சித்தாரும் தபலாவும் தம்பூராவும் ஜாஸ் குழுவோடு உட்கார்ந்த ஓர் ஒலிப்பதிவில் இருக்கிறது. பேரெண்ட் தயாரித்த அந்த இசைத்தட்டின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)