ஒலிவேராவும் கோஸ்டாவும்: நேரம் கிடைத்த விதம்

2012இல் போர்ச்சுகலின் கிமராய்ஸ் நகரம் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்தபோது, நான்கு இயக்குநர்களின் குறும்படங்களைச் சேர்த்து ஒரு தொகுப்புப் படம் வெளிவந்தது. அந்த நால்வரில் இருவர் போர்த்துகீசியர்கள். ஒருவர் நூறு வயதைக் கடந்திருந்த மனுவேல் த ஒலிவேரா. மற்றவர் ஐம்பதுகளில் இருந்த பெட்ரோ கோஸ்டா. இருவர் படத்திலும் ஒரு சிலை உண்டு. ஒலிவேரா படத்தில் நாட்டின் முதல் மன்னர் அஃபோன்சோவின் சிலையைச் சுற்றுலாப் பயணிகள் மொய்த்துப் படம் எடுத்துத் தள்ளுகிறார்கள். நாட்டை வென்றவரைக் கேமராக்கள் வென்றுவிடுகின்றன. கோஸ்டா படத்தில் வெஞ்சுரா என்ற கேப் வெர்டே கட்டடத் தொழிலாளி மருத்துவமனை லிஃப்டுக்குள் அகப்பட்டுக்கொள்கிறார். எதிரே, சிலைபோல அசையாமல் ஒரு ராணுவ வீரன். சர்வாதிகாரத்தை வீழ்த்திய 1974 புரட்சிக் காலத்தின் அச்சம் வெஞ்சுராவை இன்னும் விடவில்லை. ஒலிவேராவுக்கு வரலாறு கேலிக்குரியதாகிறது. வெஞ்சுராவுக்கோ அது மூச்சுமுட்டுகிறது.

வசதியான தொழிற்குடும்பத்தில் 1908இல் போர்ட்டோவில் பிறந்தவர் ஒலிவேரா. முதல் குறும்படம் 1931இல் வந்தது, டோரோ நதிக்கரைத் தொழிலாளர்களைப் பற்றியது. 1942இல் தெருச் சிறுவர்களை வைத்து 'அனிகி போபோ' எடுத்தார். அடுத்த முழுநீளப் படம் 1963இல்தான். சர்வாதிகாரி சலாசாரின் ஆட்சியில் அவருடைய திட்டங்களுக்குப் பணம் பெயரவில்லை. குடும்பத் தொழிலையும் திராட்சைத் தோட்டத்தையும் கவனித்துக்கொண்டிருந்தார். அதே 1963இல் ரகசியப் போலீஸ் அவரைச் சில நாள் உள்ளே தள்ளியது. 1974இல் சர்வாதிகாரம் விழுந்தது. தொழிலாளர்கள் கைப்பற்றிய குடும்பத் தொழிற்சாலையோடு அவருடைய செல்வமும் போயிற்று. போர்ட்டோ வீட்டை விற்கும் நிலையில், அந்த வீட்டையே பொருளாக்கி 1982இல் ஒரு படம் எடுத்தார். தாம் இறந்த பிறகே திரையிட வேண்டும் என்று சொல்லி வைத்தார். பிறகு தயாரிப்பாளர் பாலோ பிராங்கோவின் துணையோடு, 1990 முதல் ஏறக்குறைய ஆண்டுக்கொரு படம். 2015இல், 106 வயதில் மறைந்தார்.

கோஸ்டாவின் பாதை நேரெதிர். 1989இல் 'இரத்தம்' என்ற முதல் படத்தோடு வந்தவருக்கு வாசல் திறந்தே இருந்தது. 1994இல் கேப் வெர்டே தீவொன்றில் படமெடுத்துத் திரும்பும்போது, லிஸ்பனில் இருக்கும் உறவினரிடம் கொடுக்கச் சொல்லி ஊர்க்காரர்கள் கடிதங்களையும் பொருட்களையும் கொடுத்தனுப்பினார்கள். அவற்றைக் கொடுக்கப் போன இடம்தான் ஃபோன்டைன்யாஸ் குடிசைப்பகுதி. அங்கே 'எலும்புகள்' (1997) எடுத்தபோது படக்குழுவும் விளக்குகளும் குடியிருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுத்தன. விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். கோஸ்டா குழுவை உதறினார். சிறிய டிஜிட்டல் கேமராவோடு தனியாகப் போய், 'வாண்டாவின் அறையில்' (2000) படத்துக்காக ஏறத்தாழ இரண்டு ஆண்டு அங்கேயே கிடந்தார். வெளியே புல்டோசர் அந்தப் பகுதியை இடித்துக்கொண்டிருந்தது.

சினிமாவில் பணத்தைவிட அரிய சரக்கு நேரம். இருவருக்கும் நேரம் கிடைத்த விதம்தான் வேறு. ஒலிவேராவுக்கு அது ஆயுளாக வந்தது. கோஸ்டா செலவைச் சுருக்கி அதைச் சம்பாதித்தார்.

இவ்வளவு விலகி நிற்பவர்களை இணைக்கும் கண்ணி அந்தோனியோ ரெய்ஸ். 1963இல் ஒலிவேரா எடுத்த 'வசந்தச் சடங்கு' படத்தில் கிராமத்து மக்கள் இயேசுவின் பாடுகளைத் தாங்களே நடித்து, பழைய பாடத்தை இழுத்து ஓதுகிறார்கள். அதில் உதவி இயக்குநர் ரெய்ஸ். பின்னாளில் லிஸ்பன் திரைப்படப் பள்ளியில் கோஸ்டாவின் ஆசிரியரும் அவரே. நடிப்பறியாத மனிதர்கள் கனத்த சொற்களை நிமிர்ந்து நின்று சொல்வது என்ற வழி இருவரிடமும் இருப்பது தற்செயல் அல்ல.

ஆனால் யாருடைய சொற்கள்? ஒலிவேராவின் 'கேடுற்ற காதல்' (1978) கமிலோ கஸ்தெலோ பிராங்கோவின் 19ஆம் நூற்றாண்டு நாவலை நான்கு மணி நேரத்துக்கு மேல் ஏறக்குறைய அப்படியே பேசுகிறது. அதில் வரும் காதலர் கடிதங்கள் மேல்தட்டின் மொழி. கோஸ்டாவின் 2006 படத்தில் வெஞ்சுரா, எழுதத் தெரியாத நண்பனுக்காக ஒரு காதல் கடிதத்தை மனப்பாடமாக வாயாலேயே சொல்லிக் கொடுக்கிறார், திரும்பத் திரும்ப. புலம்பெயர்ந்தோர் கடிதங்களையும், நாஜி முகாமிலிருந்து பிரெஞ்சுக் கவிஞர் ரொபேர் தெஸ்னோஸ் தம் துணைவிக்கு எழுதிய கடிதத்தையும் இழைத்து உருவானது அது. ஒலிவேராவிடம் இலக்கியம் காப்பாற்றப்படுகிறது. கோஸ்டாவிடம் இலக்கியம் இல்லாதவர்களுக்கு அது பங்கிடப்படுகிறது. என் வாக்கு இரண்டாவதற்கே.

ஒலிவேராவின் வாழ்க்கையைப் பொறுமையின் வெற்றியாகக் கொண்டாடுவது வழக்கம். அறுபது வயதில் இறந்திருந்தால் அவர் பெயரில் இரண்டே முழுநீளப் படங்கள் மிஞ்சியிருக்கும். அவரைக் காப்பாற்றியது உடல்நலம். அதை யாரும் முன்மாதிரியாகக் கொள்ள முடியாது. கோஸ்டாவின் வழியைக் கற்றுக்கொள்ளலாம். அதற்கும் விலை உண்டு: 'விட்டாலினா வரெலா' படம் 2019இல் லொகார்னோ திரைப்பட விழாவில் தங்கச் சிறுத்தை விருதை வெல்லும் வரை, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் பெரும்பாலும் ஒரே சிறு கூட்டத்து மனிதர்களுடனேயே இருந்தார். பரப்பைக் கொடுத்து ஆழத்தை வாங்கினார். இளம் இயக்குநர் ஒருவர் இந்த இருவரில் கோஸ்டாவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, அனுமதிக்காகக் காத்திருக்காத அந்தப் பேரத்தைத்தான்.