கொர்தோபாவின் அங்குஸ்தான்

வாணியம்பாடியில் பழைய தையற்கடை எதிலாவது ஏறி, ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டுகிற அந்தக் குட்டி உலோகத் தொப்பிக்கு என்ன பெயர் என்று ஒரு பெரியவரைக் கேளுங்கள். 'அங்குஸ்தான்' என்பார். பாரசீகத்தில் 'அங்குஷ்த்' என்றால் விரல். கட்டைவிரலைக் குறிக்க நம் பழைய நூல்களில் வரும் 'அங்குஷ்டம்' அதற்கு உடன்பிறந்த சொல். உருதுவும் தமிழும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் ஊரில் இந்தச் சொல் இன்னும் புழங்குவதில் வியப்பில்லை.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய இந்த ஊர்த் தோல்ஷாப்புகளின் கதையை எழுதுகிறவர்கள், பதமான தோலைத் தைத்த விரல்களைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அந்த விரல்களுக்குச் சாட்சி தேடினால் நெடுந்தூரம் போக வேண்டியிருக்கிறது.

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில், முஸ்லிம்கள் ஆண்ட அந்தலூசிய மண்ணிலிருந்து பச்சைக் களிம்பேறிய வெண்கல அங்குஸ்தான்கள் கிடைத்திருக்கின்றன. நம் தையற்காரர் விரலில் இருப்பதைப் போன்ற சின்ன மூடிகள் அல்ல அவை. துப்பாக்கித் தோட்டா மாதிரி உயர்ந்து, நுனி கூம்பி, கையில் எடுத்தால் கனக்கும். விளிம்பைச் சுற்றிக் கோட்டு வேலைப்பாடு. சிலவற்றில் கூஃபி என்ற அரபு எழுத்தும் உண்டு. மெல்லிய துணியைத் தைக்க இவ்வளவு கனம் எதற்கு? தோல் தைக்கவே இவை வார்க்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. அந்த மண்ணில் 929இல் கலீஃபாவின் தலைநகரான கொர்தோபா, ஆட்டுத்தோலுக்குப் பேர்போன நகரம். ஆங்கிலத்தில் செருப்புத் தைப்பவருக்கு வழங்கிய 'கார்ட்வெய்னர்' என்ற பழைய பெயரே அந்த ஊர்ப் பெயரிலிருந்து பிறந்ததுதான்.

இவற்றில் நான் முதலில் பார்ப்பது வேலைப்பாட்டை அல்ல, குழிகளைத்தான். ஊசியின் பின்முனை வழுக்காமல் நிற்பதற்காக ஒவ்வொன்றாக உளியால் தட்டிய குழிகள் அவை. ஒன்று ஆழம், ஒன்று மேலோட்டம். வரிசை லேசாக வளைந்து போகும். தட்டியவரின் கை அங்கே தெரிகிறது. 1690களில் லண்டனில் ஜான் லாஃப்டிங் இயந்திரத்தால் அங்குஸ்தான் செய்யத் தொடங்கினார். அதன்பின் குழிகள் ஒரே சீராகிவிட்டன. மண்ணில் கிடைத்த ஒன்றின் காலத்தைக் கணிக்க இந்த வேறுபாடும் ஒரு தடயம்.

நம் நாட்டிலோ எழுத்துச் சான்று அந்தலூசிய அங்குஸ்தான்களைவிடப் பழையது. பாலி விநயபிடகத்தின் சுல்லவக்கத்தில் ஒரு செய்தி வருகிறது. துவராடை தைத்த பிக்குகளுக்கு ஊசி குத்தி விரல் நொந்தது. புத்தர் விரலுறைக்கு அனுமதி தந்தார். உடனே 'அறுவர் கூட்டம்' என்று பெயரெடுத்த பிக்குகள் பொன்னிலும் வெள்ளியிலும் செய்து மாட்டிக்கொண்டார்கள். இல்லறத்தாரைப் போல ஆடம்பரமா என்று ஊரார் முணுமுணுத்தார்கள். பகட்டான உறை கூடாது. எலும்பு, தந்தம், கொம்பு, மூங்கில், மரம், அரக்கு, செம்பு, சங்கு போன்றவற்றில் செய்துகொள்ளலாம் என்று புத்தர் விதித்தார். அலங்கார அங்குஸ்தானுக்கு இவ்வளவு பழைய தடையுத்தரவு வேறெங்கும் இருப்பதாக நான் படித்ததில்லை.

தமிழகத்திலும் தையல் தொழில் புதிதல்ல. சிலப்பதிகாரம் புகார் நகரத் தொழிலாளர்களைச் சொல்லும்போது, துணி தைப்பவர்களையும் தோல் தைப்பவர்களையும் தனித்தனியே எண்ணுகிறது. இரண்டும் வேறு வேறு கைத்திறன் என்பது அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர்கள் விரலில் எதை மாட்டினார்கள்? மூங்கிலும் மரமும் தோலும் மண்ணில் மக்கிப்போகும். செம்பும் எலும்பும் சங்கும் நிற்கும். ஆனால் தையற்காரர்கள் பக்கவாட்டில் ஊசியைத் தள்ளப் பயன்படுத்தும் மேல்மூடியில்லாத வகை, களிம்பேறிக் கிடந்தால் சாதாரண மோதிரம் போலவே தோன்றும். களிம்பை நீக்கி, வெளிப்புறத்தில் குழி இருக்கிறதா என்று பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். நம் அகழாய்வுகளில் 'செம்பு வளையம்' என்று பதிவான துண்டுகளை இந்தக் கண்ணோடு ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இன்றும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஷூவின் மேல்பாகத்தைப் பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து கையால் தைக்கிறார்கள். கடல் கடந்து போகும் காலணிகள் அவை. தடித்த தோலில் ஊசியை இழுத்து இழுத்து விரல் வெடித்துவிடும். அங்குஸ்தான் மாட்டுகிறவர்கள் அவர்களில் குறைவு. கிழிந்த துணியை விரலில் சுற்றிக்கொண்டு அடுத்த ஜோடியை எடுக்கிறார்கள். அந்தத் துணி எந்த மண்ணிலும் நிற்காது.